காமன் மீட்டர் சொல்லும் கணக்கு

(குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இதழ் வாசகர்களுக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



செக்ரட்டரி, ட்ரஷரர், கமிட்டி மெம்பர் என்று பொறுப்பில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்கள் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தண்ணீர் வரவில்லை என்றால் விடிகாலை ஐந்தரை மணிக்கே உங்கள் வீட்டு காலிங் பெல்தான் அடிக்கும். அதனால் உங்களுக்குப் புத்திமதி சொல்ல நான் வரவில்லை. நான் இன்ஜினியரும் இல்லை. இதழியல் படித்தவள். அரசாணைகளையும் அறிவிப்புகளையும் படித்து, சாதாரணமாகப் புரிகிற தமிழில் எழுதுவது என் வேலை. இன்றைக்கு அதே வேலையை உங்கள் காமன் சர்வீஸ் மின்பில்லுக்கும் லாரித் தண்ணீர்ச் செலவுக்கும் செய்து பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். பேனா வைத்திருப்பவர்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெருக்கல், வகுத்தல் இருக்கிறது.

முதலில் பில். வீட்டு மின்பில்லை எல்லாரும் பார்ப்போம். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும் என்பது மனப்பாடம். ஆனால் காமன் மீட்டர் பில்லை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு, கார் நிறுத்துமிட விளக்கு எல்லாம் ஓடுவது அந்த இணைப்பில்தான். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத் திருத்தத்தில், அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு 1-டி என்று தனி விகிதம் வைக்கப்பட்டது. அதற்கு முன்பு அதுவும் வீட்டு விகிதத்தில்தான் இருந்தது. இப்போது அந்த மீட்டருக்கு இலவச யூனிட்டும் கிடையாது, படிக்கட்டு விலையும் கிடையாது. முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் ஒரே விலை. 2022இல் அது யூனிட்டுக்கு 8 ரூபாய். பிறகு திருத்தங்கள் வந்திருக்கின்றன. உங்கள் கடைசி பில்லில் இருப்பதுதான் உங்களுக்கான விலை. இதோடு, இணைப்புக்கு ஒப்புக்கொண்ட மின்பளுவுக்கு, கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் தனியாக உண்டு.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. லிஃப்ட் இல்லாத, 10 வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்கு மேற்படாத சிறிய குடியிருப்புகளுக்கு இந்தக் கட்டணம் 2023 அக்டோபரில் குறைக்கப்பட்டது. 8 ரூபாய் அளவில் இருந்தது 5 ரூபாய் 50 காசு ஆனது. அந்த அளவுக்குள் வருகிற குடியிருப்புகளில் இருந்து வந்திருப்பவர்கள், இன்றைக்கே பில்லை எடுத்து எந்த விகிதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தகுதி இருந்தும் பெரிய குடியிருப்புக்கான விகிதமே ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள். ஒரு விளக்கைக்கூட அணைக்காமல் மிச்சமாகிற பணம் இது ஒன்றுதான்.

பெரிய குடியிருப்புக்காரர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பில்லில் ஒப்பந்த மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். கட்டடம் கட்டும்போது பில்டர் வாங்கியது அது. இன்றைக்கு உண்மையில் ஓடுவதைவிட அது அதிகமாக இருந்தால், தேவையில்லாத கிலோவாட்டுக்கு மாதாமாதம் நிலைக்கட்டணம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துக் கூட்டிப் பார்த்த பிறகு குறைக்க விண்ணப்பியுங்கள். அவசரப்பட்டுக் குறைத்துவிட்டு, பிறகு மின்சாரக் கார் சார்ஜர் வைக்கும்போது முழிக்கக் கூடாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகுகிற இடம் இதுதான்.

கணக்குக்காக ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். கீழே வண்டி நிறுத்தம், மேலே ஐந்து மாடி, 48 வீடு, 170 பேர். நகர்ப்புறத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் திட்டமிடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. 170 பேருக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர். இது ஒரு அளவுகோல்தான். உங்கள் குடியிருப்பில் இதைவிட அதிகம் போகிறது என்றால் உடனே யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள்.

இரவு பதினொன்றரை மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு, மொட்டை மாடித் தொட்டியில் ஒரு நீளக் குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதுங்கள். விடிகாலை நாலரை மணிக்கு, யாரும் எழுந்து குழாயைத் திறப்பதற்கு முன், மறுபடி அளக்க வேண்டும். இடையில் மோட்டார் ஓடவே கூடாது. தானாக ஓடும் கன்ட்ரோலர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். தொட்டி 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் இறக்கமும் 600 லிட்டர். ஐந்து மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 1,200 லிட்டர் போயிருக்கிறது. ராத்திரியில் எழுந்து பாத்ரூம் போகிறவர்கள் இருப்பார்கள். 20 பேர், ஆளுக்கு 10 லிட்டர் என்று 200 லிட்டரைக் கழித்துவிடுவோம். மீதி 1,000 லிட்டர் எங்கே போனது?

மணிக்கு 200 லிட்டர். கசிவுக்கு இரவு, பகல் கிடையாது. ஆக ஒரு நாளைக்கு 4,800 லிட்டர். இரண்டு மாதத்துக்கு 2 லட்சத்து 88 ஆயிரம் லிட்டர். 9,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் 32 லாரி. உங்கள் ஏரியாவில் ஒரு லாரிக்கு என்ன விலை கொடுக்கிறீர்களோ அதை 32ஆல் பெருக்கிப் பாருங்கள். நான் வேண்டுமென்றே தொகையைச் சொல்லவில்லை. ஏப்ரலில் ஒரு விலை, நவம்பரில் ஒரு விலை என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரே ஒரு ராத்திரி அளந்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மூன்று ராத்திரி அளந்தால்தான் நிலவரம் தெரியும். எங்கே கசிகிறது என்று தேடும்போது முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மேல் இருக்கட்டும். குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும். ஃப்ளஷ் டேங்க் உள்ளுக்குள்ளேயே சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருக்கும். டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, இருபது நிமிடம் ஃப்ளஷ் பண்ணாமல் விட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கினால் உள்ளே வாஷர் போய்விட்டது. சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு மக்கைப் பத்து நிமிடம் வையுங்கள். சேர்ந்ததை 144ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிற குழாய் எங்கே போய் விழுகிறது என்றும் பாருங்கள். பல கட்டடங்களில் அது மழைநீர்க் குழாயோடு சேர்த்துவிடப்பட்டிருக்கும். தொட்டி மணிக்கணக்கில் வழிந்தாலும் யார் கண்ணிலும் படாது.

இப்போது தண்ணீரும் மின்சாரமும் சேருகிற இடம். இரண்டையும் தனித்தனிச் செலவாகப் பார்க்கிற பழக்கத்தால்தான் பாதி விஷயம் பிடிபடாமல் போகிறது. கசிந்த தண்ணீரையும் மோட்டார்தான் மேலே ஏற்றியது. அதற்கும் நீங்கள்தான் மின்கட்டணம் கட்டியிருக்கிறீர்கள்.

சம்ப்பில் இருந்து மேல்தொட்டிக்கு 25 மீட்டர் உயரம் என்று வைப்போம். 1,000 லிட்டரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு இயற்பியல் கேட்பது 0.07 யூனிட்டுக்கும் குறைவு. ஆனால் நாம் வைத்திருக்கும் சிறிய மோட்டார் பம்புகள் வாங்குகிற மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகவும் உரசலாகவும் விட்டுவிடும். அதனால் 0.18 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 23,000 லிட்டருக்கு நாலு யூனிட் சொச்சம். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட். இது சம்ப் மோட்டாருக்கு மட்டும். போர்வெல்லில் இருந்து இழுப்பது தனி. ஆழத்தைப் பொறுத்து இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு ஆகலாம்.

உங்கள் சம்ப் மோட்டார் உண்மையில் எவ்வளவு இழுக்கிறது? மோட்டார் லைனில் ஒரு சப் மீட்டர் போட்டால் தெரிந்துவிடும். பெரிய செலவு இல்லை, ஒரு மதிய வேலைதான். கணக்கு 250 சொல்லும்போது மீட்டர் 500 காட்டினால், ஒன்று தண்ணீர் இரண்டு மடங்கு ஏறுகிறது, அல்லது மோட்டாருக்கு வயதாகிவிட்டது. ஃபுட் வால்வு சரியாக மூடாமல் ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கலாம். நாலைந்து முறை ரீவைண்டிங் பண்ணிய மோட்டாராக இருக்கலாம். "ஓடுதுல்ல, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். ஓடுகிறதுதான். என்ன விலைக்கு ஓடுகிறது என்பதை அந்தச் சப் மீட்டரைக் காட்டிச் சொல்லுங்கள்.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெரும்பாலான குடியிருப்புகள் எல்.இ.டி.க்கு மாறிவிட்டன. மாறாதவர்கள் இந்த மாதமே மாறுங்கள். மாறியவர்கள் மணி நேரத்தைப் பாருங்கள். 20 வாட் விளக்கு 50 இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். காலையில் ஆறு மணிக்கு அணைக்க வேண்டியதை ஒன்பது மணிவரை மறந்தால் தினம் மூன்று யூனிட், இரண்டு மாதத்துக்கு 180. கிளப் ஹவுஸ், ஜிம் ஏ.சி.யை 24 டிகிரியில் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. அதற்குப் பிறகு 18க்கு இறக்குவது நம் கைதான்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். சிக்கனம் என்று தீர்மானம் போட்டதும் முதலில் கை வைக்கப்படுவது பெரும்பாலும் செக்யூரிட்டி அறையின் ஃபேன் மேல்தான். நிஜமாகவே அப்படி ஒரு சுற்றறிக்கையை நான் படித்திருக்கிறேன். கணக்குப் போடுவோம். 75 வாட் ஃபேன் 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 864 ரூபாய். 48 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 18 ரூபாய். மாதத்துக்கு 9 ரூபாய். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மனிதரைக் காற்றில்லாமல் உட்கார வைத்து நாம் மிச்சப்படுத்துவது இவ்வளவுதான். உண்மையிலேயே குறைக்க வேண்டும் என்றால் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கி மாட்டிக் கொடுங்கள். செலவு பாதிக்கும் கீழே வரும், அவருக்கும் காற்று வரும்.

இதே வரிசையில் இன்னொன்று. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் குடியிருப்புகளில், மின்செலவு என்று ப்ளோயரை நாள்கணக்கில் அணைத்து வைப்பது நடக்கிறது. காற்று இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் செத்துப் போகும், நாற்றம் வரும், கசடு சேரும். பிறகு அதை எடுக்க ஆள் தேடுவார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஒருவரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். குற்றம் என்பது இருக்கட்டும், இறங்கியவர் மேலே வராமல் போன செய்திகளை நாம் எத்தனை படித்திருக்கிறோம்? ப்ளோயர் செலவில் கை வைக்காதீர்கள். நிலையம் ஒழுங்காக ஓடினால் அதுவே வரவு. ஆளுக்கு 135 லிட்டரில் 45 லிட்டர் ஃப்ளஷுக்கு என்பது கட்டட விதிகளில் உள்ள அளவு. சுத்திகரித்த நீரை ஃப்ளஷுக்குத் தனிக் குழாயில் கொடுக்க முடிந்தால், நம் 170 பேர் குடியிருப்பில் ஒரு நாளைக்கு 7,650 லிட்டர் நல்ல தண்ணீர் மிஞ்சும்.

இத்தனை கணக்கையும் எங்கே எழுதுவது? ஒரு நோட்டு போதும். ஆப் இருக்கிறது, சென்சார் இருக்கிறது, எல்லாம் பிறகு வாங்கலாம். தினம் காலை ஏழு மணிக்கு, ஒரே ஆள், மூன்று எண்ணை எழுத வேண்டும்: காமன் மீட்டர் ரீடிங், நேற்று மோட்டார் ஓடிய நேரம், வந்த லாரி எத்தனை. அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வந்த பிறகு பார்த்தால், எந்த நாளில் கோளாறு தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. தினம் எழுதினால் 40 யூனிட் போகிற இடத்தில் திடீரென்று 55 போனதும் அடுத்த நாளே தெரியும். எழுதுகிற வேலை பெரும்பாலும் செக்யூரிட்டி அண்ணனிடமோ சூப்பர்வைசரிடமோதான் போகும். ரீடிங் எடுக்கும் வேலையைக் கொடுக்கும்போது அதற்கென்று சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். அவர்தான் முதலில் "சார், மோட்டார் ரொம்ப நேரம் ஓடுது" என்று சொல்லப் போகிறவர். அந்த நோட்டின் ஒரு பக்கத்தை மாதம் ஒருமுறை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

அடுத்தது, எல்லாருக்கும் சங்கடமான விஷயம். யார் எவ்வளவு கொடுப்பது?

ஒரு குடியிருப்பின் பொதுக்குழுவில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்துவது பற்றிப் பேச்சு. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு அம்மா எழுந்தார். "நான் ஒருத்திதான் இருக்கேன். ஒரு பக்கெட்டுல குளிக்கிறேன், ஒரு பக்கெட்டுல துவைக்கிறேன். ஆறு பேர் இருக்குற வீடும் நானும் லாரிக்கு ஒரே பங்கு குடுக்குறோமே, அது எப்படிப்பா?" என்று கேட்டார். அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. மாத்திரை வாங்கியது போக மீதி இருப்பதில் கட்ட வேண்டிய தொகை அது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பார்க்கிங் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். புதுக் கட்டடத்தில் அதுதான் சரி, கட்டும்போதே கேளுங்கள். பழைய கட்டடத்தில் சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் மாடியில் இருந்து தனித்தனிக் குழாய் இறங்கும். ஒரே வீட்டுக்கு மூன்று, நான்கு இடத்தில் தண்ணீர் நுழையும். 48 வீட்டுக்கு 150, 200 மீட்டர் வைத்து, அதற்கு ரீடிங் எடுத்து, பழுது பார்த்து... முடியாதது இல்லை, ஆனால் செலவையும் உழைப்பையும் நினைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அதுவரைக்கும் ஒரு நடுவழி இருக்கிறது. லாரிச் செலவில் பாதியை வீட்டுக்கு, பாதியைத் தலைக்கு என்று பிரிக்கலாம். இரண்டு மாதத்துக்கு லாரிக்கு 60,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,250. நடுவழியில் பிரித்தால் வீட்டுக்கு 625, அதோடு தலைக்கு 176 சொச்சம். தனியாக இருக்கும் அந்த அம்மாவுக்கு ஏறத்தாழ 801 ரூபாய், ஆறு பேர் வீட்டுக்கு 1,684 ரூபாய். முழு நியாயமா என்றால் இல்லை. ஆறு பேர் சிக்கனமாக இருக்கும் வீடும் உண்டு, ஒருவரே மூன்று பேர் தண்ணீரைச் செலவழிக்கும் வீடும் உண்டு. தலை எண்ணுவதிலும் தகராறு வரும். "மாமியார் ஊருக்குப் போயிட்டாங்க" என்பார்கள். இருந்தாலும் இன்றைக்கு இருப்பதைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து. பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, எழுத்தில் வைத்துச் செய்யுங்கள். செக்ரட்டரி தனியாக முடிவெடுத்தால் செக்ரட்டரிதான் மாட்டிக்கொள்வார்.

மழைநீரை மறந்துவிட முடியாது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட திட்டம். இன்றைக்குப் பல இடங்களில் குழாய் இருக்கிறது, கிணறு தூர்ந்து கிடக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை. 500 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவது 7 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 5 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர் கைக்கு வரும். மறுபடியும் லாரிக் கணக்குதான்: 62 லாரி. 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, லாரிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது. மாடியைப் பெருக்குவது, வடிகட்டியில் உள்ள மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுவது, கிணற்றைத் தூர்வாருவது எல்லாம் செப்டம்பருக்குள் முடிய வேண்டும். முதல் மழை பெய்த பிறகு ஆள் கிடைக்க மாட்டார்கள்.

சூரிய மின்சாரம் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில், 500 கிலோவாட் வரை. ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு ஏறத்தாழ நாலு யூனிட் தரும். 1-டி விகிதம் கட்டுகிறவர்களுக்கு நல்ல யோசனைதான். ஆனால் வரிசை முக்கியம். கசிவை அடைக்காமல் சோலார் போட்டால், கசிகிற தண்ணீரை வெயிலின் உதவியோடு மேலே ஏற்றிக்கொண்டிருப்போம். அதோடு, மொட்டை மாடி யாருக்குச் சொந்தம், வடகம் காயவைக்க இடம் எங்கே என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

பில்லில் சந்தேகம், விகித மாற்றம், மீட்டர் பழுது எதுவானாலும் மின்னகம் 94987 94987 எண்ணில் 24 மணி நேரமும் சொல்லலாம். பதிவு எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னையில் குடிநீர் வாரியப் புகாருக்கு 1916.

இந்தச் சனிக்கிழமை ராத்திரி குச்சியோடு மாடிக்குப் போகிறவர்கள், டார்ச் எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். பில் கொண்டுவந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.